எங்கள் தெருவுக்கு ஒரு கேட்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் காலி மனையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு முடித்திருந்தோம். மழை வருமா என்று என் வீட்டுக்காரர் அண்ணாமலையார் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் யாரும் வானிலை அறிக்கை பார்ப்பதில்லை. உச்சியில் மேகம் உட்கார்ந்துவிட்டால் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடுவோம், அவ்வளவுதான்.

அன்று மேகம் இல்லை. புழுக்கம் மட்டும் இருந்தது. யாரோ பஜ்ஜி கொண்டுவந்திருந்தார்கள். எண்ணெய் காகிதத்தைத் தாண்டி நாற்காலியில் படிந்துகொண்டிருந்தது.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் தணிகாசலம் சார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தன் செல்போனை ஒவ்வொருவரிடமாக நீட்டி ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். வெல்டிங் பட்டறைக்காரர் அனுப்பிய படம். கறுப்பு பெயின்ட் அடித்த பெரிய இரும்பு கேட். மேலே வரிசையாக ஈட்டி முனை.

"தெருவோட பின்பக்கத்துல போட்டுடலாம். எப்பவும் பூட்டியே இருக்கட்டும். வெளியாளுங்க ஏரிக்கரைய சுத்திப் போவட்டும்" என்றார்.

செயலாளர் நான். "சம்மதம்னா கை தூக்குங்க" என்றேன்.

கைகள் எழுந்தன. சில வீடுகளில் கணவன், மனைவி இருவருமே தூக்கினார்கள். ஒரு கை மட்டும் மடியிலேயே இருந்தது. கஸ்தூரியின் கை.

"ஏம்மா, உனக்காகத்தான் இந்த கேட்டே" என்றார் தணிகாசலம் சார், நிஜமான கரிசனத்தோடு.

கஸ்தூரி எழுந்து நின்றாள். எங்கள் கூட்டங்களுக்கு அவள் வராத மாதமே இல்லை. ஆனால் அங்கே அவள் பேசி நான் கேட்டதில்லை. அவள் என்ன சொன்னாள் என்பதைச் சொல்லுமுன் எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நிலக்கடலை விளைந்த இடம்

வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் வரிசையாக மனை பிரித்த காலம் அது. எங்கள் தெரு இருக்கும் இடத்தில் அதற்கு முன் நிலக்கடலை போட்டிருந்தார்களாம். இன்றும் தொட்டிச் செடிக்கு மண் தோண்டினால் செம்மண் விரல் நகத்தில் ஏறிக்கொள்கிறது.

தெருவின் ஒரு முனை மெயின் ரோட்டில் முட்டும். இன்னொரு முனை ஏரிக்கரைப் பாதையில் போய் முடியும். கரைக்கு அந்தப் பக்கம் பழைய ஊர். எங்கள் வீடுகள் வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள். பஸ் பிடிக்க அவர்களுக்குக் குறுக்கு வழி எங்கள் தெருதான். விடியும்போது பூக்கூடைகள் போகும். பிறகு பள்ளிப் பிள்ளைகள். அப்புறம் டவுனில் வேலை பார்க்கும் பெண்கள். இருட்டும் நேரத்தில் அதே கால்கள் எதிர்ப்பக்கமாகத் திரும்பும்.

அவர்கள் நடந்த பாதைமேல்தான் எங்கள் தெருவைப் போட்டார்கள். இது எங்களில் பலருக்குத் தெரியாது.

செக்ரட்டரி மேடம்

நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, அரசு அலுவலகம் ஒன்றில் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்தபிறகும் அதே நாற்காலியில் தட்டிக்கொண்டிருந்து ஓய்வுபெற்றேன். திங்கட்கிழமைகளில் மனு கொடுக்க வரும் கூட்டத்தைப் பார்த்தே என் பாதி ஆயுசு போனது. விரலில் மை காய்வதற்குள் அடுத்த மனு வந்துவிடும்.

"அப்போ உங்களுக்குத்தான் எழுதத் தெரியும்" என்று சொல்லி என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு யாரும் அந்த வேலைக்கு ஆசைப்படவில்லை என்பதும் உண்மை. என் வீட்டுக்காரர் மட்டும் "செக்ரட்டரி மேடம், காபி கிடைக்குமா?" என்று ஒரு மாதம் கிண்டல் செய்தார்.

எங்கள் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்றால், சாக்கடையில் தொடங்கி நாயில் முடியும். நாய்க்குச் சோறு வைப்பவர்கள் ஒரு பக்கம், அதே நாய் துரத்தி விழுந்தவர்கள் மறுபக்கம். நடுவில் நான்.

பௌர்ணமி வந்தால் வேறு பிரச்சினை. கிரிவலம் வரும் வெளியூர்க்காரர்கள் காரை எங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டு மலை சுற்றப் போய்விடுவார்கள். ஒருமுறை ஒரு காருக்குப் பின்னால் எங்கள் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது. விடிந்த பிறகு வந்தவர், நான் வாயைத் திறப்பதற்குள் விபூதியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கையில் கொடுத்து, "அண்ணாமலையார் பிரசாதம்மா" என்றார். அவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அந்தக் கூட்டங்களில் எல்லாம் கஸ்தூரி கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரர் சென்னையில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போவாள். இதுதான் அவளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது.

தாலிச் செயின்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், அதே வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம், பால் வாங்கிக்கொண்டு வந்த கஸ்தூரியின் கழுத்திலிருந்து தாலிச் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பைக்கில் இரண்டு பேர்.

அன்று நான் ஊரில் இல்லை. தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை வந்து இறங்கியபோது தெருவே வாசலில் நின்றது. கஸ்தூரி வீட்டுக்கு ஓடினேன். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அதற்குமேல் புதிதாகக் கட்டிய மஞ்சள் கயிறு. அதன் பச்சை மஞ்சள் வாசனை அறை முழுக்க இருந்தது. அவள் தண்ணீர் கொடுத்தாள். நான்தான் அழுதேன்.

"ஒண்ணும் இல்லக்கா, உசுரு இருக்குதில்ல" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவளைத் தோண்டிக் கேட்க எனக்கும் மனசு வரவில்லை.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. மெயின் ரோட்டுக் கடையின் கேமராவில் பைக் தெரிந்தது. நம்பர் பிளேட் தெரியவில்லை.

எங்கள் தெருவிளக்குகள் அப்போது எரியாமல் கிடந்தன. பல நாளாகவே அப்படித்தான். பொறுப்பு ஊராட்சிக்கா, மாநகராட்சிக்கா என்ற கேள்விக்கு யாரும் நேரான பதில் சொல்லவில்லை. நாங்களும் போனில் கேட்டுவிட்டு விட்டுவிட்டோம்.

வாட்ஸ்அப்பில் பெருத்த கதை

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொள்பவர் குணா. செல்போன் கடை வைத்திருக்கும் இளைஞர். சுறுசுறுப்பு ஜாஸ்தி. அன்றிரவே "எல்லாரும் உஷார்" என்று செய்தி போட்டிருந்தார்.

முதல் செய்தியில் ஒரு பைக், இரண்டு பேர். மறுநாள் மத்தியானத்துக்குள் இரண்டு பைக் ஆகிவிட்டது. சாயங்காலம் கத்தி வந்தது. அதற்கடுத்த நாள், "ஏரிக்கரைப் பக்கத்து ஆளுங்க மாதிரி இருந்துச்சாம்" என்று ஒரு செய்தி. யார் பார்த்தது, யார் சொன்னது என்று இல்லை. அந்த 'இருந்துச்சாம்' மட்டும் இருந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கை, கோப முகம்.

"அந்தப் பொம்பளைங்க தினம் வேவு பாத்துட்டுதான் போவுதுங்க" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர், "கேட் போடுங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்றார். தணிகாசலம் சார் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

நான் ஒரு விஷயம் எழுதினேன். மனை பிரித்தபோதே தெருவை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அது பொது ரோடு, நாம் பூட்ட முடியாது என்று. பிறகு ஒருவர் மட்டும், "உயிரு போனா சட்டமா வந்து நிக்கும்?" என்று கேட்டார். பயந்தவர்களிடம் பத்திரத்தைக் காட்டி என்ன செய்வது?

கூட்டத்துக்கு முந்தின நாளே பின்முனையில் இரண்டு குழிகள் தோண்டியாகிவிட்டது. தூண் நிறுத்துவதற்கு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வெறும் கை தூக்கத்தான்.

அவள் பேசியது

கஸ்தூரி எழுந்து நின்றாள் என்றேனே. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"சார், எனக்காகன்னா கேட் வேணாங்க."

"பயப்படாதம்மா. நாங்க இருக்கோம்" என்றார் தணிகாசலம் சார்.

"இல்ல சார். அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கல. பைக்கு எப்படி, ஆளு எப்படின்னுதான் கேட்டீங்க."

பஜ்ஜிப் பொட்டலம் பாதி வழியில் நின்றது.

"அவனுங்க மெயின் ரோட்டுலேர்ந்து வந்தானுங்க. அறுத்துகினு மெயின் ரோட்டுக்கே போயிட்டானுங்க. கேட்டு போடறது பின்னாடி. அதுல யாரைத் தடுக்கறீங்க?"

குணா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்தவில்லை.

"நான் கீழ விழுந்து கத்தினேன். ரொம்ப நேரம் கத்தினேன் சார். நம்ம வீட்டுக் கதவு ஒண்ணுகூடத் தொறக்கல. நான் தப்பு சொல்லல. டிவி ஓடியிருக்கும், ஏசி போட்டிருப்பீங்க, கேட்டிருக்காது. அந்த நேரத்துக்கு ஏரிக்கரைப் பொம்பளைங்க வேலை முடிஞ்சு வந்துகினு இருந்தாங்க. அவங்கதான் ஓடி வந்தாங்க. அம்சான்னு ஒருத்தங்க, கையில இருந்த டிபன் டப்பாவைத் தூக்கி அந்த பைக்கு மேல அடிச்சாங்க. அவன் தடுமாறினான் பாருங்க, அப்பதான் பாதிச் செயின் அவன் கையிலேர்ந்து நழுவுச்சு."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"தாலி மண்ணுல எங்கியோ போயிடுச்சு. இருட்டு. அந்தப் பொம்பளைங்க போன் லைட்டை அடிச்சு, முட்டி போட்டு, கையால மண்ணைத் தடவித் தடவித் தேடினாங்க. கெடைச்சதும் அம்சா அதைத் தன் முந்தானையில தொடச்சு என் கையில குடுத்தாங்க. வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டு, என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் குடுத்துட்டுத்தான் போனாங்க. அவங்க வேவு பாக்கறாங்கன்னு குரூப்புல போட்டீங்க. நான் படிச்சேன்."

மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அந்த வழியைப் பூட்டிட்டீங்கன்னா, நாளைக்கு நான் கத்தினா யாரு சார் வருவாங்க?"

உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த என் தோழி ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சில நேரம் கூட்டம் என்பது ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும், யாரும் முடித்து வைக்காமலே. தணிகாசலம் சார் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அன்றிரவு குழுவில் ஒரு வரி அனுப்பினார்: தலைவர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், உடல்நிலை காரணமாக.

குழிகளும் கம்பங்களும்

எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். இரண்டு குடும்பங்கள் குழுவிலிருந்தே வெளியேறின. அதில் ஒரு வீட்டு அம்மா இன்றும் என்னைப் பார்த்தால் காய்கறிக்காரரிடம் ஏதோ கேட்பதுபோல் திரும்பிக்கொள்கிறார். ஆனால் கேட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பட்டறைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தோண்டிய குழிகளில் செங்கல் உடைசலைப் போட்டு மூடினோம்.

குணா தான் போட்ட செய்திகளை எல்லாம் அழித்துவிட்டு, கஸ்தூரி சொன்னதை அப்படியே எழுதிப் போட்டார். அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது.

நான் அம்சாவைத் தேடிப் போனேன். ஏரிக்கரையைத் தாண்டி மூன்றாவது வீடு. செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. திடமான உடம்பு, உரத்த குரல். நெளிந்துபோன டிபன் டப்பா வாசலில் கவிழ்த்து வைத்திருந்தது.

"அதுவா? மீந்த பொங்கல் இருந்துச்சு. பூரா ரோட்டுல போச்சு" என்று சிரித்தாள். கேட் விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "குழி தோண்டறப்பவே பாத்தோங்க. கேக்கறதுக்கு நாங்க யாரு, அதான் சும்மா இருந்துட்டோம்."

"வார்டு கூட்டம் வருது. லைட் கேக்கப் போறோம். நீங்களும் வாங்க" என்றேன்.

"எங்க பக்கமும் லைட்டு இல்லீங்க. அதையும் கேப்பீங்களா?"

"நீங்களே கேளுங்க. நான் கூட நிக்கறேன்."

பள்ளிக்கூட வராந்தாவில்தான் அந்தக் கூட்டம் நடந்தது. எங்கள் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர். ஏரிக்கரையிலிருந்து அதைவிட ஜாஸ்தி. முதலில் இரண்டு கூட்டமாகத்தான் நின்றோம். கஸ்தூரி போய் அம்சா பக்கத்தில் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். வார்டு உறுப்பினர் வந்ததும் நான் மனுவைப் படிக்க ஆரம்பித்தேன். அம்சாவுக்குப் பொறுமை இல்லை.

"சார், கவர்மென்ட்டு தமிழ்ல அப்புறம் படிக்கலாம். இருட்டுல பொம்பளைங்க நடக்கறோம். செயினை அறுத்துகினு போறான். கம்பம் இருக்குது, பல்பு இல்ல. எப்ப போடுவீங்க?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், வார்டு உறுப்பினரும்தான். ஒரு வாரம் என்றார். ஒரு வாரத்தில் வரவில்லை. நான் அவர் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன், மறுபடி அம்சாவும் கஸ்தூரியும் போய் உட்கார்ந்தார்கள். ஒருவழியாக எங்கள் தெரு முழுக்கவும், ஏரிக்கரைப் பாதை ஆரம்பம் வரைக்கும் விளக்கு வந்தது. கரைக்கு அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. அதற்காக இப்போதும் போய்க்கொண்டிருக்கிறோம்.

செயினைத் திருடியவர்கள் அகப்படவில்லை.

தணிகாசலம் சார் வீட்டில்

விளக்கு எரிந்த வாரத்தில், அவரைத் திரும்பத் தலைவராக இருக்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. கஸ்தூரியைக் கூப்பிட்டேன். வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள்.

அவர் வீட்டுக்குள் நான் அதுவரை போனதில்லை. வாசலோடு பேசிவிட்டு வந்துவிடுவோம். முன்னறையிலேயே கட்டில் போட்டு அவர் மனைவி படுத்திருந்தார். பக்கவாதம். ஒரு பக்கம் அசையாது, பேச்சும் தெளிவில்லை. அறையில் தைல வாசனை. துவைத்த துணிகள் அழகாக மடித்து அடுக்கியிருந்தன. எல்லாம் அவரேதான் செய்கிறார். மகன் ஹைதராபாத்தில் இருக்கிறார். நோய் விஷயம் எங்களுக்குத் தெரியும். அது இவ்வளவு என்று தெரியாது.

காபி போட்டுக் கொடுத்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"வேணாம்மா. எந்த முகத்தோட வருவேன்?" என்றார். பிறகு கஸ்தூரியைப் பார்க்காமல், டம்ளரைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சும்மா. டிவி எல்லாம் ஓடல. நல்லாக் கேட்டுச்சு. கதவு வரைக்கும் வந்தேன். தாழ்ப்பாள்ல கை வெச்சேன். தொறந்தா உள்ள வந்துடுவானுங்களோ, இவளை இன்னா பண்றதுன்னு... கை எழும்பலம்மா."

கட்டிலில் இருந்தவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"ராத்திரி ஆனா பயம்தான்" என்றார் சார். "நாங்க ரெண்டு பேரும் மட்டும். ஒரு கேட் இருந்தா தூங்கலாம்னு பாத்தேன். வேற ஒண்ணும் இல்ல."

கஸ்தூரி என்ன சொல்வாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கோபப்பட அவளுக்கு நியாயம் இருந்தது. அவள் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏதாச்சும்னா கத்துங்க சார். நான் வந்துடறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கட்டில் பக்கம் போய், அந்த அம்மாவின் விலகியிருந்த போர்வையைச் சரியாக இழுத்து விட்டாள்.

தணிகாசலம் சார் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தப் பொண்ணு நம்பரை இதுல போட்டுக் குடும்மா" என்றார். "ரெண்டு வீடு தள்ளி இருக்குது. இத்தனை வருஷமா நான் வாங்கி வெச்சிக்கல."